பின் சீட்டில் நெய் வாசனை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு டாக்டர் யுகேந்திரன் ஒரு பெரிய முடிவெடுத்தார். நடந்ததைத் தாமரையிடம் சொல்லப்போவதில்லை.

முடிவெடுத்த இடம், சுங்கை வேயில் அவர் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கழகத்தின் கார் நிறுத்துமிடம். மகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். மகள் மாதவிக்கு எட்டு மாதம். அப்பாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். 'டாக்டர் யுகேந்திரன், மூத்த ஆய்வாளர், கொழுப்பு மற்றும் நினைவாற்றல் பிரிவு' என்று அதில் எழுதியிருக்கும். நினைவாற்றல் ஏற்கெனவே அவள் வாய்க்குள் போய்விட்டது.

நடந்தது இதுதான். தாமரைக்குப் பிரசவ விடுப்பு முடிந்து, பண்டமாரானில் உள்ள கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் மறுபடி வேலை தொடங்கியிருந்தது. எட்டு மணிக்கு அவள் அங்கே இருக்க வேண்டும். அது அவர்கள் குடியிருக்கும் கிளாங்கில் துறைமுகப் பக்கம். நர்சரி எதிர்ப்பக்கம், பெர்க்லி ரவுண்டபௌட்டைத் தாண்டி இடதுபுறம். ஆகவே குழந்தையைக் கொண்டுபோய் விடுவது யுகேந்திரனின் பொறுப்பு. திங்கட்கிழமை தாமரை அரை நாள் லீவு போட்டுக் கூடவே வந்து வழி காட்டினாள். செவ்வாய்க்கிழமை அவர் தனியாகக் கிளம்பினார்.

பெர்க்லியில் இடதுபுறம் திரும்பினால் நர்சரி. நேராகப் போனால் ஃபெடரல் ஹைவே, சுங்கை வே, ஆபீஸ். பன்னிரண்டு வருடமாக அவர் நேராகத்தான் போயிருக்கிறார். அன்றும் கை அதன் வேலையைப் பார்த்தது. தலை, சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் அவர் பேசவேண்டிய பேச்சில் இருந்தது. தலைப்பு, 'மறதியைத் தள்ளிப்போடும் உணவு.' பின் சீட்டில் மாதவி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற குழந்தையிடம் உள்ள ஒரே குறை, அது சத்தம் போடாது.

காரை நிறுத்தினார். பூட்டினார். நடந்து போய்க் காவல் சாவடியில் கையெழுத்துப் போட்டு, நேரமும் எழுதினார். அப்போதுதான் கார்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த காவலாளி, கார்டு ரெங்கசாமி, சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன டாக்டர், இன்னிக்குப் பிள்ளையையும் வேலைக்குக் கூட்டியாந்துட்டீங்களா?"

"எந்தப் பிள்ள?" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு வார்த்தைகள் அவர் சாகிற வரைக்கும் அவர் காதிலேயே இருக்கும். அதன் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தைக் கழகத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கதவைத் திறந்தபோது உள்ளிருந்து சூடு முகத்தில் வந்து மோதியது. மாதவி விழித்திருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. தன் இடது கால் கட்டைவிரலைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

காரை நிறுத்தியது எட்டு நாற்பத்தொன்று. கையெழுத்து எட்டு நாற்பத்துநான்கு, கதவைத் திறந்தது எட்டு நாற்பத்தைந்து. நான்கு நிமிடம். யுகேந்திரன் விஞ்ஞானி. நான்கு நிமிடம் என்றால் நான்கு நிமிடம்தான், அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு அது நாற்பதாக இருந்திருந்தால் என்று ஒரு கணக்கு தானாகவே தொடங்கியது. அதைப் பாதியில் நிறுத்தினார்.

அந்த நிலையில் எடுத்த முடிவுதான் அது. தாமரைக்குத் தெரியக்கூடாது.

திரும்பக் கிளாங்குக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். நர்சரி நடத்தும் மார்க்கிரட் ஆன்டி வாசலிலேயே நின்றிருந்தார். முப்பது வருடமாகப் பிள்ளைகளையும், அதைவிட அதிகமாகப் பிள்ளைகளின் அப்பாக்களையும் பார்த்தவர்.

"தம்பி, மணி ஒம்போது இருவத்திரெண்டு."

"ரோட்டுல ஜாம் ஆன்டி. பயங்கர ஜாம்."

"உங்க வீடு கிளாங்தானே?"

"ஆமா ஆன்டி."

"கிளாங்லருந்து கிளாங்குக்கு ஒன்றரை மணி நேரமா லா?"

யுகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பால் புட்டிப் பையைக் கொடுத்தார், கிளம்பினார். மார்க்கிரட் ஆன்டி தன் போனில் எதையோ தட்டினார். அதைக் கவனிக்கிற நிலையில் யுகேந்திரன் இல்லை.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அவருடைய வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். பதினைந்து வருடமாக ஒரே கேள்வி: நாம் தின்கிற கொழுப்புக்கும் வயதான காலத்தில் வரும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? அல்சைமர் வராமல் தள்ளிப்போட சாப்பாட்டுத் தட்டில் என்ன செய்யலாம்? இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்தோ வந்துவிடவில்லை. ரயில்வேயில் முப்பது வருடம் ஒரு வண்டியைக்கூடத் தப்பாக அனுப்பாத அவருடைய அப்பா, கடைசி இரண்டு வருடம் மகனைப் பார்த்து, "தம்பி, நீங்க எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே மதியம் யுகேந்திரன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் சோதனையைத் தனக்கே கொடுத்துக்கொண்டார். கடிகாரம் வரைந்தார். பதினொன்று பத்து காட்டச் சொன்னது, காட்டினார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தார். ஐந்து சொற்களைப் படித்து, ஐந்து நிமிடம் கழித்து ஐந்தையும் சொன்னார். முப்பதுக்கு முப்பது.

மூளையில் கோளாறு இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மூளையில் கோளாறு இல்லாத ஒருவன் பிள்ளையை மறந்தான் என்பது இன்னும் மோசமான முடிவாகப் பட்டது. பழகிய தடத்தில் போகும்போது மனசு தூங்கிவிடும், இது யாருக்கும் நடக்கலாம் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றிய கட்டுரைகளையே படித்திருக்கிறார். இதில் 'யாருக்கும்' என்ற சொல் அடுத்த வீட்டுக்காரரைக் குறிக்கிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தாமரை சமையலறையில் இருந்தாள். அந்தச் சமையலறை பாதி ஆய்வுக்கூடம். எண்ணெய் பாட்டில் பக்கத்தில் அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று நிற்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன். நெய் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதியிருப்பார். தேங்காய்ப்பால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கல்யாணமாகி ஆறு வருடமாகத் தாமரை இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டிருந்தாள். அவள் கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொல்ல மாட்டாள், குரல் உயர்த்த மாட்டாள். கேள்வி மட்டும் கேட்பாள், அதுவும் வரிசையாக.

"இன்னிக்கு எப்படிங்க போச்சு?"

"நல்லா போச்சு."

"பாப்பா அழுதாளா?"

"இல்ல. தூங்கினா."

"ஜாமா?"

யுகேந்திரன் தண்ணீர் குடித்தார். "கொஞ்சம்."

"எங்க?"

"அங்கங்க."

தாமரை தலையாட்டிவிட்டு வெண்டைக்காய் நறுக்கினாள். அவ்வளவுதான். தப்பித்தோம் என்று யுகேந்திரன் நினைத்தார். அவர் தப்பித்த தருணங்களைப் பிற்பாடு கணக்கெடுத்தால், ஒன்றுகூடத் தேறாது.

சாப்பிடும்போது தன் திட்டத்தைத் தொடங்கினார். நாள் முழுக்க யோசித்து வைத்த திட்டம். உண்மையைச் சொல்லாமலேயே இந்தப் பொறுப்பிலிருந்து நழுவவேண்டும். பிள்ளை தன் காரில் ஏறவே கூடாது.

"தாமர, ஒரு சின்னப் பிரச்சன. இனிமே காலையில ஏழு மணிக்கே நான் லேப்ல இருக்கணும் போல. எலிங்களுக்குத் தீனி வைக்கணும்."

"எலிங்க பகல்ல தூங்கும், ராத்திரிதான் திங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இது புது எலி."

"அதுக்குத் தூக்கம் வராதா?"

"பாப்பாவுக்கு ஒரு வேன் ஏற்பாடு பண்ணிடலாமே."

"எட்டு மாசப் பிள்ளைய வேன்லயாங்க? யாரோ ஒருத்தரு ஓட்டுவாரு. பின்னால பிள்ள இருக்கறத மறந்துட்டார்னா?"

யுகேந்திரனுக்கு வெண்டைக்காய் தொண்டையில் நின்றது. தாமரை தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அப்பான்னா அப்பாதாங்க," என்றாள். "சரி, எலின்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த வளைஞ்சு வளைஞ்சு போற பொட்டிக்குள்ள எலிய விடுவீங்களே. அது எப்படிங்க வழிய மறக்காம இருக்கு?"

ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்கிறாள். யுகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேன் விஷயம் மறந்துபோயிற்று.

"அது ரொம்ப சிம்பிள் தாமர. வழியோட கடைசியில ஒரு உருண்டை வைப்போம்."

"என்ன உருண்டை?"

"தீனிதான். கொஞ்சம் நெய் மாதிரிக் கொழுப்பு சேத்தா இன்னும் வேகமா ஓடும். வாசனைதான் முக்கியம். மூக்குல ஏறிடுச்சுன்னா அப்புறம் எலி வேற எதையும் யோசிக்காது."

"நம்மள ஏமாத்தறாங்கன்னு எலிக்குத் தெரியாதா?"

"பழகின எலிக்குத் தெரியும்னுதான் எனக்குத் தோணும். அது நம்மள ஒரு பார்வை பாக்கும் பாரு. தெரிஞ்சும் ஓடும்."

"அப்படியா," என்றாள் தாமரை. "பாவம்."

மறுநாள் காலை சமையலறையிலிருந்து வந்த வாசனையில் யுகேந்திரன் விழித்தார். ஆறு வருடமாக அந்த வீட்டில் இல்லாத வாசனை. நெய்யில் ஏலக்காயும் பட்டையும் பொரியும் வாசனை. மேசையில் மூன்றடுக்குத் தூக்கு ஒன்று, மஞ்சள் துணியால் சுற்றிக் கட்டி இருந்தது.

"என்னது இது?"

"உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. பிள்ளையையும் பாத்துக்கிட்டு வேலைக்கும் போறீங்க, இளைச்சிட்டீங்க. சோறு, வறுவல், குருமா."

"தாமர, நான் ஓட்ஸ்…"

"ஓட்ஸ் எங்கயும் ஓடிடாது."

கண்டிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கொழுப்பைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதியவர். ஆனால் நேற்று செய்த காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரையும் எதற்காகவும் கண்டிக்கிற தகுதி தனக்கு இல்லை என்று அவருக்குப் பட்டது. தூக்கை எடுத்து முன் சீட்டில் வைக்கப் போனார்.

"முன்னால வேண்டாங்க, பிரேக் போட்டா கொட்டிடும்," என்று தாமரை வாங்கி, பின் சீட்டில் மாதவியின் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெல்ட்டும் போட்டாள். பிள்ளைக்கு ஒரு பெல்ட், சாப்பாட்டுக்கு ஒரு பெல்ட்.

பெர்க்லி வருவதற்குள் காருக்குள் கல்யாண மண்டபம் போல் ஆகிவிட்டது. யுகேந்திரனின் உடம்பு முன்னால் உட்கார்ந்து ஓட்டியது. மற்றதெல்லாம் பின் சீட்டில் இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் கண்ணாடி வழியாகத் தூக்கைப் பார்ப்பார். தூக்குக்குப் பக்கத்தில் மகள் இருப்பாள். இருவரும் கண்ணாடியில் சிரித்துக்கொள்வார்கள். எட்டு நாலுக்கு மார்க்கிரட் ஆன்டியின் வாசலில் வண்டி நின்றது.

இப்படி மூன்று வாரம்.

மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். சக ஆய்வாளர்கள் கேண்டீனில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருக்க, அவர் உள்ளே குற்றவாளியைப் போல் எலும்பைத் தேடினார். எலும்பில்லாத கறி. என்ன மிருது, என்ன ருசி. ஒவ்வொரு வாய்க்கும் நெய் உருகி ஓடுவதாக உணர்ந்தார். அவர் எத்தனை பேரிடம் பொய் சொன்னாலும் உணவுக் குறிப்பேட்டில் பொய் எழுத மாட்டார். அது தொழில் தர்மம். 'நெய்ச்சோறு: நெய் சுமார் நாலு டீஸ்பூன். ஆட்டுக்கறி நூற்றைம்பது கிராம், கொழுப்போடு. தேங்காய்ப்பால் மிக அதிகம்.' எழுதிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொள்வார். சாயங்காலம் வந்ததும் வீட்டுப் பக்கத்துத் தெங்கு கிளானா சாலையில் மேலும் கீழுமாக நாற்பது நிமிடம் வேகமாக நடப்பார். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பேச்சு அந்தச் சமயத்தில்தான். மண்டபம் நிறைய ஆட்கள். முன் வரிசையில் தாமரை, மடியில் மாதவி. கொழுப்பைக் குறைப்பது பற்றி யுகேந்திரன் நாற்பது நிமிடம் பேசினார். முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"டாக்டர், நீங்க மத்தியானம் என்ன சாப்பிடறீங்க? உள்ளதச் சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. யுகேந்திரனுக்குக் காது சூடாகியது. "அளவோட சாப்பிடறேன்," என்றார். அந்த மேடையில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று அவர் நினைத்தார். முன் வரிசையில் தாமரை பலமாகக் கைதட்டினாள்.

நான்காவது வாரம் புதன்கிழமை. முதல் நாள் மாதவிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. காலையில் காய்ச்சல் விட்டிருந்தது, பிள்ளை காரில் ஏறியதும் தூங்கிப்போனாள். யுகேந்திரனுக்கு மூக்கடைப்பு வேறு. பெர்க்லியில் என்ன செய்தார் என்று அவருக்கே தெரியாது. சுங்கை வேயில் காரை நிறுத்திச் சாவியை எடுத்தபோது அவர் மனதில் இருந்தது பத்து மணிக் கூட்டம் மட்டும்தான்.

காரைவிட்டு இறங்கினார். இரண்டு அடி நடந்தார். மூக்கு அடைத்திருந்தாலும் சட்டையில் ஏறியிருந்த நெய் வாசனை லேசாக வந்தது. சாப்பாடு, என்றது உடம்பு. அவர் திரும்பிப் பின் கதவைத் திறந்தார்.

மஞ்சள் துணியில் கட்டிய தூக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில் மாதவி, வாய் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

யுகேந்திரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று அவர் பார்க்கவில்லை. பின்னால் ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. ரெங்கசாமி. அந்த வயதில் ஓடக்கூடாத வேகத்தில் ஓடி வந்திருந்தார். ஒரு கையில் போன்.

"டாக்டரே திறந்துட்டீங்களா," என்று மூச்சு வாங்கினார். "நல்லது." பிறகு போனில், "அக்கா, ஒன்னும் இல்ல. அவரே திறந்துட்டாரு. பிள்ள தூங்குது. ஆமா, ஆமா, நல்லாத்தான் இருக்கு."

"யாருகிட்ட அண்ணே பேசறீங்க?"

ரெங்கசாமி போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டார். "வீட்டுல கேளுங்க டாக்டர். நான் கார்டு. கேட்டத் திறக்கறதும் மூடறதும்தான் என் வேலை."

அன்று சாயங்காலம் யுகேந்திரன் நடக்கப் போகவில்லை. மாதவி தரையில் ஒரு கரண்டியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தாமரை குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"தாமர, ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க."

"இன்னிக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனா அதுக்கு முன்னாலயும் ஒரு தடவ. நீ வேலைக்குப் போன ரெண்டாவது நாள். ஒரு செவ்வாக்கிழம…"

"எட்டு நாப்பத்தொன்னுலருந்து எட்டு நாப்பத்தஞ்சு வரைக்கும்," என்றாள் தாமரை. ஒரு குட்டிச் சட்டையை மடித்து வைத்தாள்.



"எப்படி?" என்றார் யுகேந்திரன்.

தாமரை தன் போனை எடுத்து நீட்டினாள். நர்சரியின் செயலி. மாதவி உள்ளே வந்த நேரம், ஒன்பது இருபத்திரண்டு. பிள்ளை வாசலைத் தாண்டியதும் மார்க்கிரட் ஆன்டி தட்டுவார், அம்மாவின் போனுக்குச் செய்தி வந்துவிடும். அந்தச் செயலியைத் தாமரையின் போனில் போட்டுக் கொடுத்தவர் யுகேந்திரன். அது எப்படி வேலை செய்யும் என்று அரை மணி நேரம் விளக்கியதும் அவர்தான்.

"ஆன்டிக்குப் போன் பண்ணேன். பிள்ள நல்லா இருக்கு, தம்பி முகந்தான் நல்லா இல்லன்னாங்க. அப்புறம் உங்க ஆபீஸ் கார்டு ரெங்கசாமியோட நம்பர் வாங்கிப் பேசினேன்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான். பேசி முடிச்சிட்டு டாய்லெட்டுல போய் உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. கப்பல் வந்து நிக்குது, கேப்டன் பேப்பர் கேக்கறாரு, நான் உள்ள உக்காந்திருக்கேன்."

அதை அவள் துணி மடிக்கிற குரலிலேயே சொன்னாள்.

"வந்ததும் என்னைக் கேட்டிருக்கலாமே. திட்டியிருக்கலாம்."

"கேட்டேனே. ஜாமான்னு கேட்டேன். கொஞ்சம்னு சொன்னீங்க." அடுத்த சட்டையை எடுத்தாள். "அதுக்கு மேல கேட்டா நீங்க இன்னும் கவனமா பொய் சொல்லுவீங்க. எனக்கு நீங்க கவனமா வண்டி ஓட்டணும்."

"அப்புறமும் பிள்ளைய என்கிட்ட கொடுத்து அனுப்பினியே."

"வேற யாருகிட்ட அனுப்பறது? உங்களுக்காவது ஒரு தடவ பயம் வந்திருக்கு." மடித்த துணிகளைத் தட்டி அடுக்கினாள். "சும்மா அனுப்பல. எட்டேகால் வரைக்கும் பாப்பா வரலைன்னா ஆன்டி எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் உங்களுக்குப் பண்ணுவேன், நீங்க எடுக்க மாட்டீங்க, போன் பையில கெடக்கும். உடனே ரெங்கசாமி அண்ணனுக்குப் பண்ணுவேன். அவரு கேட்டுலயே நிப்பாரு. இன்னிக்குப் பாத்து வாசல்ல ஒரு லோரிக்காரன் சண்ட போட்டிருக்கான், அதான் ஓடி வந்தாரு. அதெல்லாம் ரெண்டாவது. மொதல்ல தூக்கு."

யுகேந்திரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வளைந்து வளைந்து போகும் பெட்டி. கடைசியில் ஓர் உருண்டை.

வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், விஞ்ஞானி விழித்துக்கொண்டார். கணவன் தோற்ற இடத்தில் விஞ்ஞானியாவது கொஞ்சம் ஜெயிக்கவேண்டும் அல்லவா.

"நீ செஞ்சது புரியுது தாமர. நான் குறை சொல்ல வரல. ஆனா நீ ஒன்ன யோசிக்கல. மூனு வாரம் தினமும் நெய், ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால். பிள்ளைய மறக்கக்கூடாதுன்னு நீ கொடுத்தது, நாளைக்கு என்னை எல்லாத்தையும் மறக்க வைக்கும். எங்கப்பா மாதிரி நானும் ஒரு நாள் இந்தப் பிள்ளையப் பாத்து எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்னு கேக்கக் கூடாது."

தாமரை மடித்த துணிகளை ஒதுக்கிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் நெய் பாட்டில் இருந்தது. அவர் மார்க்கரால் போட்ட கோட்டுக்கு மேல் விரலை வைத்துக் காட்டினாள். நெய், கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கூட இறங்கியிருக்கவில்லை.

யுகேந்திரன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது வேற பாட்டிலா?"

"உங்க கையெழுத்துதானே இருக்கு."

"அப்ப நெய்ச்சோறு?"

"வெறும் சோறு. ஏலக்காய், பட்டை, முந்திரி ரெண்டு."

"குருமா?"

"கொழுப்பெடுத்த பால்."

"கறி? தாமர, கறி?"

"சோயா. சைவக் கடையில பாக்கெட்ல விக்குது. எலும்பே இல்லையேன்னு நீங்க கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

"அந்த வாசன? கார் முழுக்க வாசன."

"துணியில. தெனம் காலையில தூக்கைச் சுத்தற மஞ்சத் துணியில கால் ஸ்பூன் நெய்ய சூடா தடவிடுவேன். வாசனதான் முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க."

யுகேந்திரன் பாட்டிலை மேசையில் வைத்தார். பதினைந்து வருடம். நாற்பது கட்டுரை. எந்தெந்த எண்ணெயில் எந்தக் கொழுப்பு எத்தனை சதவிகிதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "குறிப்பேட்டுல நாலு டீஸ்பூன்னு எழுதியிருக்கேன்," என்றார் பலவீனமாக.

"படிச்சேன். ரசிச்சு எழுதியிருந்தீங்க."

"தெனம் நாப்பது நிமிஷம் நடந்தேனே."

"அது நல்லதுதாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல நீங்களே சொன்னீங்க, நடந்தா மறதி தள்ளிப்போகும்னு."

மாதவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். அவர் குனிந்து தூக்கிக்கொண்டார். கழுத்தில் முகத்தை வைத்தார். பால் வாசனை, பவுடர் வாசனை, அதற்கடியில் மெல்லிசாக நெய் வாசனை. மூன்று வாரமாக அந்தத் தூக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவள்.

கடைசியாக ஒரே ஒரு கௌரவம் மிச்சம் இருந்தது. அதையும் அவர் எடுத்து வைத்தார்.

"சரி தாமர. ஆனா ஒன்னு. சோதனையில இருக்கற ஆளுக்கு உண்மை தெரிஞ்சுட்டா, சோதனை அதோட செல்லாது. அதுதான் விஞ்ஞானம். இப்ப எனக்குத் துணியும் தெரியும், சோயாவும் தெரியும். நாளைலருந்து உன் தூக்கு வேலை செய்யாது."

தாமரை மஞ்சள் துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். வாசனை குறைந்திருந்தது போல. அதைத் துவைக்கப் போட்டுவிட்டு, நாளைக்கு வேறொன்றை எடுத்து வைத்தாள்.

"எலிக்குந்தான் தெரியும்னு சொன்னீங்களே," என்றாள்.